கார் கேள்வி–பதில்: தினம் ஓடுற ஸ்போர்ட்ஸ் காருக்கு மெனுவலா, ஓட்டோவா?

இந்த முறை வந்த கடிதங்களில கனக்க கியர் பத்தினதுதான். 2020 மார்ச்சில நிப்பாட்டின வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில திரும்பத் திறந்ததில இருந்து, ஆசையை அடக்கி வச்சிருந்த ஆக்கள் எல்லாரும் ஒரேயடியா கார் பார்க்க வெளிக்கிட்டிருக்கிறாங்கள் போல. அதால இந்த முறை டயர், பெற்றி கேள்வியளை ஒரு பக்கம் வச்சிட்டு கியரை மட்டும் எடுக்கிறன்.

கேள்வி: அண்ணை, எனக்கு வீடு அலஸ்தோட்டம், வேலை சீனக்குடாவில. கனநாள் ஆசை ஒரு ஸ்போர்ட்ஸ் கார் எடுக்க வேணும் எண்டு. இப்ப ஹொண்டா சி.ஆர்-இசட் ரெண்டு பார்த்து வச்சிருக்கிறன், ஒண்டு ஆறு கியர் மெனுவல், மற்றது சி.வி.டி ஓட்டோ, விலை கிட்டத்தட்ட ஒண்டுதான். மனிசி ஓட்டோ கார்ல டெஸ்ட் எடுத்து லைசன்ஸ் வச்சிருக்கிறா. கூட்டாளிமார் சொல்லுறாங்கள் மெனுவல் எடுத்தா ஒரு மாசத்தில கால் நோகுது எண்டு வித்திடுவாய் எண்டு. எனக்கு தினம் ஓடுறதுக்கும் இந்தக் கார்தான், வேற ஒரு ஸ்கூட்டி மட்டும் இருக்கு. என்ன செய்ய?

பதில்: தம்பி, உங்கட கூட்டாளிமார் சொல்லுறது கொழும்புக் கதை. காலி வீதியில பின்னேரம் அஞ்சு மணிக்கு பம்பரும் பம்பரும் முட்ட நிண்டு, முதலாம் கியர், கிளச், பிரேக், திரும்ப முதலாம் கியர் எண்டு ஒரு மணித்தியாலம் போறவனுக்கு கால் நோகத்தான் செய்யும். திருமலையில அப்பிடி எங்க இருக்கு? பள்ளிக்கூடம் விடுற நேரம் மணிக்கூட்டுக் கோபுரத்தடியில கொஞ்சம் இறுகும், வெள்ளிக்கிழமை பூசைக்கு கோட்டைக்குள்ளால கோணேசர் கோயிலுக்கு ஏறுற ஏத்தத்தில வரிசையா நிக்க வேண்டி வரும், அவ்வளவுதான். நீங்கள் அலஸ்தோட்டத்தில வெளிக்கிட்டு உப்புவெளி தாண்டி டவுனுக்குள்ளால போய் சீனக்குடாப் பக்கம் திரும்புற வரைக்கும் கியர் மாத்த வைக்கிறது டிராபிக் இல்ல, கட்டாக்காலி மாடும், றோட்டுக்கு வாற மானும், சிக்னல் போடாம திரும்புற த்ரீவீலும்தான். அதுக்கு ரெண்டாம் கியருக்கு இறக்கி திரும்ப ஏத்திறது ஒரு வேலையே இல்ல, ஒரு கிழமையில கால் தன்பாட்டில செய்யும்.

அடுத்தது, இதுதான் நான் முக்கியமா சொல்ல வாறது. எங்கட நாட்டில காருக்கு டவுனுக்குள்ள 50, வெளியில 70, எக்ஸ்பிரஸ்வேயில 100. எக்ஸ்பிரஸ்வே எங்கட பக்கம் இல்ல. அப்ப நீங்கள் என்ன ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினாலும் அதிட வேகத்தை சட்டப்படி அனுபவிக்க இஞ்ச இடமில்ல, அனேகமான ஸ்போர்ட்ஸ் கார் ரெண்டாம் கியரிலயே 70ஐ தாண்டிடும். நிலாவெளி றோட்டு நேரா கிடக்கு எண்டு அமத்துற பெடியளை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறன், அந்த றோட்டுக் கரையில பள்ளிக்கூடப் பிள்ளையளும் சைக்கிளில வாற வயசாளியளும் போறது கண்ணில படாதோ எண்டு எனக்கு சரியான கவலை. வேகத்தில கிடைக்காத சந்தோசம் வேற எதில கிடைக்கும் எண்டு பார்த்தா, மெனுவல் கியரில கிடைக்கும். வளைவுக்கு முன்னால பிரேக் பிடிச்சு, கிளச்சை அமத்தி, இஞ்சினை ஒருக்கா லேசா இரைய விட்டு மூண்டில இருந்து ரெண்டுக்குப் போட்டு, கிளச்சை விடேக்க கார் துளி கூட இழுபடாம அப்பிடியே பிடிச்சுக்கொண்டு போகும் பாருங்கோ, அது 40 கிலோமீற்றர் வேகத்திலயும் கிடைக்கிற சந்தோசம். கந்தளாய் குளத்துப் பக்கம் காலமை போற நேரம் 60லயே மனிசன் சிரிச்சுக்கொண்டு போகலாம். சி.வி.டியில இது இல்ல.

சி.வி.டி எண்டா என்ன நடக்குது எண்டு ஒருக்கா விளங்கிக்கொள்ளுங்கோ. அதுக்குள்ள பல்லுச் சக்கரத்தில கியர் கியரா இல்ல, ரெண்டு கூம்புப் புல்லியும் அதில ஓடுற ஒரு இரும்பு பெல்ட்டும்தான். கூம்பு கிட்ட வர எட்டப் போக ரேஷியோ மாறிக்கொண்டே இருக்கும். அமத்தினா இஞ்சின் ஒரே ஆர்.பி.எம்மில நிண்டு கத்தும், கார் பின்னால மெல்ல மெல்ல வேகம் பிடிச்சு வரும். காலுக்கும் சில்லுக்கும் இடையில ஒரு இழுவை இருக்கிற மாதிரித்தான் இருக்கும். சி.ஆர்-இசட்டில ஸ்டேரிங்குக்குப் பின்னால விரலால இழுக்கிற பாடில் ரெண்டு வச்சு ஏழு கியர் இருக்கிற மாதிரி காட்டும், அது மலையில இறங்கேக்க உதவும், மற்றபடி பெரிசா ஒண்டும் இல்ல. அந்தக் கார் 2010இல வந்த நேரம் அதிட பெருமையே ஹைபிரிட்டில ஆறு கியர் மெனுவல் குடுத்ததுதான், அதுக்கு முதல் அப்பிடி ஒண்டு இருக்கேல்ல. இன்னொரு விசயம், அதில இருக்கிற மின்சார மோட்டர் அடி ஆர்.பி.எம்மிலயே தள்ளத் தொடங்கும், அதால மூண்டாம் கியரில மெதுவா உருண்டு போய் திரும்ப அமத்தினாலும் இருமாம எடுக்கும். தினம் ஓட இதை விட லேசான மெனுவல் கார் தேடிப் பிடிக்கிறது கஷ்டம்.

பெற்றோல் கணக்கில சி.வி.டிக்குத்தான் வெற்றி, அதையும் மறைக்கக் கூடாது. ஜப்பானில அந்த நேரம் பாவிச்ச 10-15 மோட் எண்ட சோதனைக் கணக்கில சி.வி.டிக்கு லீற்றருக்கு 25 கிலோமீற்றர், மெனுவலுக்கு 22.5. எங்கட றோட்டில ரெண்டுமே அவ்வளவு ஓடாது, ஆனா ரெண்டுக்கும் இடையில உள்ள வித்தியாசம் கிட்டத்தட்ட அப்பிடித்தான் வரும்.

இப்ப மனிசிட விசயம். கியரை விட இதுதான் பெரிசு தம்பி. வீட்டில ஒரே ஒரு கார் எண்டா அதை ரெண்டு பேராலயும் ஓட்ட ஏல வேணும். ராவில உங்களுக்கே காய்ச்சல் எண்டு வையுங்கோ, ஆஸ்பத்திரிக்கு ஆர் ஓட்டுறது? ஓட்டோ லைசன்ஸில மெனுவல் கார் ஓட்டினா அது சட்டப்படி பிழை, ஒரு அக்சிடன்ட் நடந்தா இன்சூரன்ஸ் காரனும் கையை விரிப்பான். அதால முதல்ல அவவோட இருந்து கதையுங்கோ. ஆசையை ஒளிக்காம சொல்லுங்கோ, மெனுவல் பழகி லைசன்ஸை மாத்த அவவுக்கு விருப்பமோ எண்டு கேளுங்கோ. விருப்பம் எண்டா மெனுவலை எடுங்கோ, ரெண்டாம் பேச்சே இல்ல. விருப்பமில்ல எண்டா அவவை வற்புறுத்த வேண்டாம், அதுக்காக அந்த சி.வி.டியையும் எடுக்க வேண்டாம். சுசுக்கி சுவிஃப்ட் ஸ்போர்ட், 2017இல வந்த 1.4 டேர்போ மொடல் பாருங்கோ. அதில ஓட்டோ எண்டா ஆறு கியர் டோர்க் கன்வேட்டர், அதாவது ஒயிலால சக்தியைக் கடத்துற வழமையான ஓட்டோ, உண்மையான கியர், போட்டா போட்ட இடத்தில நிக்கும், காரும் ஒரு தொன்னுக்கு கொஞ்சம் குறைவு. விலை கூடத்தான் வரும், ஆனா பிறகு ஒவ்வொரு நாளும் மெனுவலை நினைச்சு ஏங்கிக்கொண்டு ஓட்டத் தேவையில்ல. அதுக்கு நேர முன்னால வந்த 1.6 மொடலில ஓட்டோ எண்டா சி.வி.டிதான், மாறி எடுத்திடாதேங்கோ.

மெனுவல் சி.ஆர்-இசட் எண்டு முடிவானா, பார்க்கப் போற நேரம் இஞ்சின் ஆறி இருக்கேக்க போங்கோ, விக்கிறவன் முதலே ஸ்டார்ட் பண்ணி சூடாக்கி வச்சிருந்தா இன்னொரு நாள் வாறன் எண்டு சொல்லுங்கோ. ஆறின இஞ்சினில மூண்டில இருந்து ரெண்டுக்கு இறக்கேக்க கிறீச் எண்டு கடிச்சா, கியரை சத்தமில்லாம சேர்க்கிற சிங்க்ரோ தேஞ்சு போச்சு. கிளச் பார்க்க, ஒரு வெளியான இடத்தில ஹேண்ட் பிரேக்கை நல்லா இழுத்து, மூண்டாம் கியரைப் போட்டு மெல்ல மெல்ல கிளச்சை விடுங்கோ. இஞ்சின் உடன நிக்க வேணும். நிக்காம இரைஞ்சுகொண்டே நிண்டா பிளேட் வழுக்குது, கிளச் செற் போடுற காசை விலையில குறைக்கச் சொல்லி நேர கேளுங்கோ. அதோட ஹைபிரிட் பெற்றியை ஸ்கேன் போட்டுப் பார்க்காம அட்வான்ஸ் குடுக்கவே கூடாது. 2012 மொடல் மாத்தத்துக்கு முதல் வந்ததில நிக்கல் பெற்றி, பிறகு வந்ததில லித்தியம். வயசு போன பெற்றி கியர் பொக்சை விட கூட காசைத் தின்னும்.

கேள்வி: சொந்த இடம் உவர்மலை, இப்ப வேலையால வெள்ளவத்தையில இருக்கிறன். டொயோட்டா 86 ஒண்டு வாங்கப் போறன். தினம் கோட்டைப் பக்கம் ஒபிசுக்கு, ரெண்டு கிழமைக்கு ஒருக்கா ஊருக்கு. மெனுவல் எண்டாத்தான் 86 எண்டு எல்லாரும் சொல்லுறாங்கள்.

பதில்: ஓட்டோ எடுங்கோ. மேல அந்தத் தம்பிக்கு மெனுவல் எண்டு சொன்ன அதே வாயாலதான் சொல்லுறன், காலி வீதியில காலமையும் பின்னேரமும் நிக்கிற ஆளுக்கு ரெண்டு கிழமைக்கு ஒருக்கா ஹபரணை றோட்டில கிடைக்கிற சந்தோசம் காணாது, நடுவில வாற பத்து வேலை நாளில காரையே வெறுத்திடுவீங்கள். 86இட ஓட்டோ சி.வி.டி இல்ல, ஆறு கியர் டோர்க் கன்வேட்டர், கியர் இறக்கேக்க தானே இஞ்சினை இரைய விட்டு பொருத்தும். 2012இல வந்த 2.0 மொடலில அமெரிக்க அரசாங்கக் கணக்குப்படி மெனுவலை விட ஓட்டோதான் பெற்றோல் குறைய குடிக்குது, இது கன பேருக்குத் தெரியாது. ஒரு சொல்லு, ஊருக்கு வரேக்க ஹபரணை தாண்டி கந்தளாய் வரைக்கும் பொழுது பட்டாப் பிறகு ஓடாதேங்கோ. அந்தக் கார் நிலத்தோட கிடக்கிற கார், லைட் வெளிச்சத்தில யானைட காலைக் காணேக்க தூரம் முடிஞ்சிரும்.

கேள்வி: நிலாவெளியில ஹோட்டல் ஒண்டில வேலை. டி.சி.டி, டபுள் கிளச் எண்டு சொல்லுறாங்களே, அது ஓட்டோவோ மெனுவலோ? தினம் ஓட நல்லதோ?

பதில்: உள்ளுக்குள்ள பார்த்தா மெனுவல், ஓட்டுற ஆளுக்கு ஓட்டோ. ஒண்டு மூண்டு அஞ்சுக்கு ஒரு கிளச், ரெண்டு நாலு ஆறுக்கு இன்னொரு கிளச். நீங்கள் மூண்டில ஓடேக்கயே நாலு அங்கால போட்டு ஆயத்தமா நிக்கும், ஒரு கிளச் விட மற்றது பிடிக்கும், அதாலதான் கண் மூடித் திறக்க முதல் மாறுது. நிஸ்ஸான் ஜி.டி-ஆர் 2007இல வந்த ஆர்35 அதோடதான் வந்தது, மெனுவலே குடுக்கேல்ல. ஓடுற றோட்டில அதை அடிக்க ஒண்டும் இல்ல.

பிரச்சினை வாறது மெதுவா ஊருற இடத்தில. டோர்க் கன்வேட்டரில சக்தி ஒயிலுக்குள்ளால போகுது, பிரேக்கை விட்டு மெல்ல ஊர விட்டாலும் தேயிறதுக்கு பெரிசா ஒண்டும் இல்ல. டபுள் கிளச்சில ஊருற ஒவ்வொரு அடிக்கும் கிளச் அரை குறையா பிடிச்சு தேய்படுது, சூடாகுது. ஒயிலுக்குள்ள இருக்கிற ஈரக் கிளச் எண்டா தாங்கும், உலர் கிளச் எண்டா எங்கட ஆடி மாச வெயிலுக்க பாடு பெரிசு. அதால வாங்க முதல் உலரோ ஈரமோ எண்டு கேளுங்கோ, பழைய கார் எண்டா கியர் பொக்ஸ் சொப்ட்வெயர் கடைசியா எப்ப அப்டேட் பண்ணினது எண்டும் கேளுங்கோ, ரெண்டுக்கும் ஒழுங்கான பதில் இல்லாட்டி விட்டிடுங்கோ. ஓட்டுறதிலயும் ஒரு பழக்கம் வேணும்: முன்னால நிக்கிற வாகனத்துக்குப் பின்னால அங்குலம் அங்குலமா ஊராதேங்கோ, ரெண்டு கார் நீளம் இடம் விழுந்தாப் பிறகு ஒரேயடியா எடுத்துப் போய் நிப்பாட்டுங்கோ. ஏத்தத்தில அக்சிலேட்டர் குடுத்து காரைப் பிடிச்சு வைக்கவே கூடாது, பிரேக்தான்.

கேள்வி: கிண்ணியாவில இருந்து எழுதுறன். மகன் கட்டாரில இருந்து வந்து ஸ்போர்ட்ஸ் கார் எடுக்கப் போறன் எண்டு நிக்கிறார். வாப்பாவும் இல்ல, நான்தான் பார்க்க வேணும். மெனுவலோ ஓட்டோவோ எது பாதுகாப்பு எண்டு மட்டும் சொல்லுங்க.

பதில்: உம்மா, உங்கட பயம் நியாயமான பயம். ஆனா கியரில பெரிய பாதுகாப்பு வித்தியாசம் இல்ல. மெனுவலில ஆள் ரெண்டு கையும் ரெண்டு காலும் வேலையில இருக்கிறதால போன் நோண்ட நேரம் குறைவு, இது நான் கண்டது. ஓட்டோவில பிரேக் எண்டு நினைச்சு அக்சிலேட்டரை அமத்திற ஆபத்து இருக்கு, அதுக்கு மருந்து வலது காலால மட்டும் ரெண்டையும் அமத்திப் பழகிறது, இடது காலை ஒதுக்கி வைக்கிறது.

மகனிட்ட நீங்க கேக்க வேண்டியது வேற மூண்டு விசயம். கார் பின் சில்லு தள்ளுற காரோ? அப்பிடி எண்டா ஐப்பசி கார்த்திகை மழைக்கு கிண்ணியாப் பாலத்தடியிலயும் மூதூர் றோட்டு வளைவிலயும் மிச்சம் கவனம் வேணும், முதல் மழை விழேக்க றோட்டில கிடக்கிற ஒயிலும் தூசியும் சேர்ந்து சறுக்கும். வழுக்கினா தானாப் பிடிக்கிற ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் இருக்கோ, அது வேலை செய்யுதோ? டயர் எத்தினையாம் ஆண்டு டயர்? டயர் பக்கத்தில நாலு இலக்கம் அடிச்சிருக்கும், முதல் ரெண்டும் கிழமை, கடைசி ரெண்டும் ஆண்டு. பூ நல்லா இருந்தாலும் பழைய டயர் ரப்பர் இறுகி மழைக்கு பிடிக்காது. இந்த மூண்டும் சரி எண்டா எந்தக் கியர் எண்டாலும் அவரிட விருப்பத்துக்கு விடுங்க.

கேள்வி: இடது முழங்காலில தேய்வு எண்டு டொக்டர் சொல்லியிருக்கிறார். மஸ்டா ரோட்ஸ்டர் மெனுவல் எடுக்கலாமோ? வயசு 52.

பதில்: வேண்டாம் ஐயா. ரோட்ஸ்டரில ஆறு கியர் ஓட்டோவும் இருக்கு, அதுவும் டோர்க் கன்வேட்டர்தான். காரிட ஸ்டேரிங், பின்னேரம் கூரையைத் திறந்து விட்டு கடற்கரை றோட்டில போறது எல்லாம் அதிலயும் அப்பிடியே இருக்கு. ஒண்டை மட்டும் யோசியுங்கோ, அது நிலத்தோட இருக்கிற கார், ஏறி இறங்கேக்கயும் முழங்கால்தான் வேலை செய்யும். வாங்க முதல் ஒரு பத்துத் தரம் ஏறி இறங்கிப் பாருங்கோ, விக்கிறவர் என்ன நினைச்சாலும் பரவாயில்ல.

கேள்வி: ரேஸ் கார் எல்லாம் இப்ப கிளச் இல்லாமத்தானே ஓடுது? பிறகும் மெனுவல் மெனுவல் எண்டு ஏன் சொல்லுறீங்கள், பழைய ஆக்களிட பிடிவாதம்தானே?

பதில்: ரேஸில வேகம்தான் கணக்கு, அதில மெனுவல் தோத்து கனகாலம். 1989இல பெராரி ஸ்டேரிங்குக்குப் பின்னால பாடில் வச்ச கியரோட பிரேசில் போட்டிக்கு வந்து, முதல் ஓட்டத்திலயே நைஜல் மான்சல் வெண்டார், பிறகு எல்லா ஃபோர்முலா வண் காரும் அந்த வழிதான். அதில எனக்கு வாதமே இல்ல. ஆனா நீங்களும் நானும் மூலைக்கு மூலை மில்லி செக்கன் எண்ணி ஓடேல்ல. போர்ஷ 2013இல 911 ஜி.டி3யை டபுள் கிளச்சில மட்டும் குடுத்தவங்கள், ஓட்டுற சனம் விடாமக் கேட்டுக் கேட்டு 2017இல மெனுவலைத் திரும்பக் குடுத்தவங்கள். டொயோட்டா சுப்ரா 2019இல ஓட்டோ மட்டும், 2022இல மெனுவலும் வந்தது. அதே டொயோட்டா ஜி.ஆர் யாரிசை 2020இல மெனுவலோட குடுத்து, 2024இல எட்டுக் கியர் ஓட்டோவையும் சேர்த்தது. ரெண்டு பக்கமும் ஆக்கள் இருக்கிறாங்கள், ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. பிடிவாதம் எண்டு சொல்லாதேங்கோ, பிடிச்ச வேலையை கையால செய்யிற ஆசை அது.

கேள்வி: தம்பலகாமம், வயசு 18. லைசன்ஸ் எடுக்கப் போறன். வீட்டில ஓட்டோ கார்தான் இருக்கு. எதில டெஸ்ட் எடுக்க?

பதில்: மெனுவலில எடுங்கோ தங்கச்சி. மெனுவலில பாஸ் பண்ணினா ரெண்டையும் ஓட்டலாம், ஓட்டோவில பாஸ் பண்ணினா லைசன்ஸில ஓட்டோ மட்டும் எண்டு விழும். ட்ரெய்னிங் ஸ்கூல்காரர் ஓட்டோ லேசு, கெதியா முடிக்கலாம் எண்டு சொல்லுவினம், கேக்காதேங்கோ. முதல் நாள் அக்சிலேட்டர் தொடாம, கிளச்சை மட்டும் மெல்ல விட்டு கார் தானா நகருற இடத்தைக் காலால கண்டுபிடியுங்கோ, சம நிலத்தில அதையே திரும்பத் திரும்ப. அது வந்தாப் பிறகு ஏத்தத்துக்கு போகலாம். சாரதிப் பக்கத்து சீற்றில கத்தாத ஆளா ஒருத்தரை வச்சிருங்கோ, அப்பாவை விட மாமா நல்லம்.